லிஃப்ட் உண்டு

ஜூன் 9, திங்கள்

இன்று பார்த்த விளம்பரத்தில் படுக்கையறைக் கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, ஒரு கால் மட்டும் வெளியே. படம் எடுத்தவர் அவரை எழுப்பவும் இல்லை, எழும்வரை காத்திருக்கவும் இல்லை. அடுத்த படம் சமையலறைக் குழாய். அதற்கடுத்தது மறுபடியும் அவரேதான், இந்த முறை சுவர்ப் பக்கம் புரண்டு படுத்திருக்கிறார். கீழே 'உடனே குடியேறலாம்' என்று போட்டிருந்தது. அவர் எழுந்த பிறகா, அவரோடு சேர்த்தா என்று கேட்க ஆளில்லை.

மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரியின் பழைய இருட்டறையில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் பார்க்கிறேன். ஃபிலிம் கழுவுகிற காலம் போய் எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்ட பிறகு அந்த அறையில் மிச்சம் இருப்பது உடைந்த நாற்காலிகளும் நானும்தான்.

இப்போதெல்லாம் மண்டையில் எதுவும் நிற்பதில்லை. அதனால் எனக்காகவே எழுதி வைக்கிறேன். என் கணவருக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது ஏப்ரலில். சர்க்கரை. இத்தனை வருடம் பஸ்ஸில் கிளட்ச் மிதித்த கால். இப்போது ஊரின் மறுகோடியில் அவருடைய அக்கா வீட்டில் இருக்கிறார். நாங்கள் குடியிருக்கும் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படி இல்லாத வீடு ஒன்று கிடைத்தால் அவர் என்னிடம் திரும்பி வருவார். கிடைக்காவிட்டால் அங்கேயே இருந்துவிடுவார். விஷயம் இவ்வளவுதான். எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தேன். வேறு யாருடைய விஷயமோ போல இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டு ஆப்பில் 'சக்கர நாற்காலி வசதி' என்று ஒரு கட்டம் இருப்பதை இன்றுதான் கண்டேன். தட்டினேன். ஊர் முழுவதுக்கும் ஒரே ஒரு இடம் வந்தது. சிமெண்ட் மூட்டை அடுக்குகிற கிடங்கு.

உண்மையைச் சொன்னால் வாசல் சரிவு நன்றாகவே இருந்தது.

ஜூன் 12, வியாழன்

ஒரே ஒரு விளம்பரத்துக்கு என் நம்பரைக் கொடுத்தேன். அந்த வீடு 'போன வாரமே போயிடுச்சு'. ஆனால் நம்பர் மட்டும் ஊரில் உள்ள அத்தனை தரகர்களுக்கும் போய்விட்டது. காலையிலிருந்து, எக்ஸ்ரே கதிருக்காகப் போடுகிற ஈய ஏப்ரனுக்கு உள்ளே, சட்டைப் பையில், போன் வண்டு மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தது. தோள்பட்டை எக்ஸ்ரேக்கு நின்ற பெரியவர் பொறுக்க முடியாமல், ஏதோ அவசரமாக இருக்கும், எடுத்துப் பேசும்மா என்றார். மூச்சை இழுத்துப் பிடிங்க என்றேன். பிடித்தார். போன் அதிர்ந்தது. பாவம், விடச் சொல்ல மறந்தே போனேன்.

கூப்பிட்டவர்களில் ஒருவர் மட்டும் மறுபடி மறுபடி பேசுகிறார். பேச்சுக்குப் பின்னால் எப்போதும் சாவிகள் குலுங்கும் சத்தம். அவர் பெயர் காதில் விழவில்லை. போனில் 'சாவிக்கொத்து' என்று பதிந்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

அவரைப் பார்க்க நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று வண்டி மாறிப் போக வேண்டும். முதல் இரண்டு வாரம் அங்கே தரையில் படுத்துக்கொண்டு வேலைக்கு வந்து போய்ப் பார்த்தேன், உடம்பு ஓடவில்லை. இருக்கிற ஒரு சம்பளமும் என்னுடையது. லீவு போடவும் வழியில்லை.

நாத்தனார் நல்ல மாதிரி. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கணவர் இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார்கள். இப்போது தம்பிக்கு வேளாவேளைக்கு ஊசி, அளந்த சாப்பாடு, புண்ணுக்குக் கட்டு எல்லாம் அவர்கள் கைதான். முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார்கள். விருந்தாளிகளுக்கு எடுக்கிற கோப்பையில்.

நான் சேர்த்து வைத்திருந்த வீட்டுப் படங்களை அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர், இதில் பாத்ரூம் எங்கே என்றார். படம் போடவில்லை என்றேன்.

"அப்ப அந்த வீட்ல யாரும் போறதே இல்லபோல. நல்ல குடும்பம்" என்றார்.

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயால். கிளம்பும்போது, எப்போது வருகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

'தரைத்தளம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். டூட்டி முடிந்து நேரே போனேன். தரையில் கார்கள் நிற்கின்றன. அதற்கு மேல் ஒரு மாடி ஏறினால் தரைத்தளம்.

சாவிக்கொத்து வாசலில் காத்திருந்தார். பார்த்தால் சாந்தமான ஆள், நாற்பது இருக்கும், இடுப்பில் சாவிகள் தொங்குவதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார். இது முதல் மாடி இல்லையா என்று கேட்டேன். கீழே கார் நிற்கிறது, அது கணக்கில் வராது என்றார். எனக்கு எதற்காகப் படி இல்லாத வீடு வேண்டும் என்று போனில் அவரிடம் மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். அதையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"உள்ளது உள்ளபடி போட்டா யாரு மேடம் போன் பண்ணுவாங்க? வந்து நேர்ல பாத்தா மனசு மாறும்ல" என்றார்.

என் மனசு மாறவில்லை. படி ஏறி இறங்கியதில் முட்டிதான் வலித்தது.

ஜூன் 18, புதன்

இன்று ஒரு வீடும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே மாலையில்தான் உறைத்தது.

ஜூன் 21, சனி

ஒரே வீடு நான்கு விளம்பரத்தில். ஒன்றில் இரண்டு படுக்கையறை, இன்னொன்றில் இரண்டரை. அந்த அரை எது என்று தேடிப் பார்த்தேன். துணி காயப் போடுகிற பால்கனிக்கு ஒரு திரை கட்டியிருக்கிறார்கள். மூன்றாவதில் 'நல்ல காற்றோட்டம்', படத்தில் எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கிறது. நான்காவதில் உள்ள ஐந்து படங்களில் மூன்றில் எடுத்தவரின் கட்டைவிரல் வந்திருக்கிறது. நகம் வெட்டிப் பல நாள் ஆயிருக்கும்.

எனக்குத் தொழில் படம் பார்ப்பது. ஒரு முழங்காலை எடுத்தால் நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரே கோணத்தை வைத்துக்கொண்டு டாக்டர் வாயே திறக்க மாட்டார். கொஞ்சம் அசைந்திருந்தாலும் திரும்ப எடு என்பார். இங்கே ஒரு குடும்பம் வாழப்போகிற வீட்டை, கட்டைவிரலை நீட்டிக்கொண்டு, நடந்துகொண்டே எடுக்கிறார்கள். நான் கதவு எத்தனை அகலம் என்று கண்டுபிடிக்க, பக்கத்தில் தெரியும் சுவிட்ச் பலகையைப் பெரிதாக்கி விரலால் அளந்துகொண்டிருக்கிறேன். இருபது வருட அனுபவம் இதற்குத்தான் ஆகிறது.

தலைகீழாக ஒரு குளியலறை. போனைத் திருப்பினேன், அதுவும் கூடத் திரும்பியது. மறுபடி திருப்பினேன். மறுபடி திரும்பியது. கடைசியில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். வாசலில் ஒரு திட்டு, முழங்கால் உயரம். வேண்டாம்.

ஜூன் 25, புதன்

தலைமை நர்ஸ் இன்று என் தோளைத் தட்டி, உன்னை மாதிரி தைரியம் யாருக்கும் வராது என்றார். கல்லு மாதிரி நிற்கிறாயாம். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

தைரியம் இல்லை. ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கடித்தால் தெரியாதே, அப்படி. வலிக்கவில்லை என்பதற்காக அதை யாரும் தைரியம் என்று சொல்வதில்லை.

என் கணவரின் பாதத்தைப் படம் எடுத்ததும் நான்தான். அன்று டூட்டியில் வேறு ஆள் இல்லை. அவர் மேஜையில் ஏறிப் படுத்து, "போட்டோக்காரி, அழகா எடு" என்றார். அசையாதீங்க என்றேன், எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில். திரையில் படம் வந்தது. சுண்டுவிரல் பக்கம் எலும்பு அரித்து, கரையான் தின்ற கட்டை மாதிரி. டாக்டர் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரியும். முடிஞ்சுதா என்று கேட்டார். முடிஞ்சுது, செருப்பைப் போட்டுக்கோங்க என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவுமே ஆகவில்லை. அழுகை வரவில்லை, பசி வந்தது. நன்றாகத் தூங்குகிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூன் 29, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக் குளியலறையில் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். கொத்தனார் வந்து சுவரைக் குடைந்து சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். பின்னறையில் இருந்த தையல் மெஷினைக் கூடத்துக்குத் தள்ளி, அங்கே அவருக்கு அகலமான கட்டில் போட்டாகிவிட்டது. ஜன்னலோரம் மாத்திரைக்கு ஒரு சின்ன அலமாரி வேறு. ஒவ்வொன்றையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அவர் கூடத்தில் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தத்தைக் குறைத்து.

சமையலறையில் வைத்து நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீயும்தான் எவ்வளவு நாள் அலைவ. அவன் இங்கயே இருக்கட்டும்மா. எனக்கும் ஒரு துணை. நீ வேலைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு ரூம் பாத்துக்க, ஞாயித்துக்கிழமை வந்து இரு. யாரும் எதுவும் சொல்லப் போறதில்ல."

அதில் ஒரு வார்த்தை தப்பு இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லு, அதுக்கு ஏத்த மாதிரி பின்வாசலையும் இடிச்சு சரிவாக்கணும் என்றார்கள்.

அவரிடம், அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டிருக்க வேண்டும். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

கைப்பிடி எவர்சில்வர். நல்ல கனம். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்று ஒரு வீடு பார்த்தேன். விளம்பரத்தில் ஒரே ஒரு படம், அதுவும் வாசல் கேட், அதுவும் மழையில். எழுத்து எதுவும் இல்லை. சாவிக்கொத்து வற்புறுத்தியதால்தான் போனேன்.

கேட்டிலிருந்து கூடம் வரை ஒரே மட்டம். கதவுகள் அகலம், டேப் வைத்து அளந்தேன், நாற்காலி தாராளமாகப் போகும். குளியலறையும் மட்டம்தான். வீட்டுக்கார அம்மா பேச்சில் மரியாதை. ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்.

இருட்டாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாவிக்கொத்து சாவிகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை கூடவே வந்தார். பிறகு, "மேடம், லைட்டுப் போட்டா வெளிச்சமாயிடும்" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 5, சனி

காலையில் எழுந்ததும் அந்த வீட்டையே எடுத்துவிடலாம் என்று தோன்றியது. அவருக்குச் சொல்வதற்கு முன் சாவிக்கொத்திடம் கேட்டேன். காலையிலேயே வேறு ஆள் முன்பணம் கொடுத்துவிட்டாராம்.

ஏன் வேண்டாம் என்றேன்?

இருட்டாம். நான் சாப்பிடுவதே இருட்டறையில்.

எழுதித்தான் பார்ப்போம். யார் படிக்கப் போகிறார்கள். அவர் வந்தால் அந்தக் காலை நான் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், கட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள், இதைப் பார்க்கவில்லை. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போய்விடுவேன். அக்கா இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். வீடு கிடைத்துவிட்டால் எழுந்து போக இடமில்லை. விளம்பரம் மோசம், தரகன் மோசம், படம் மோசம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரைக்கும் எனக்கும் வசதியாகத்தானே இருந்தது?

நான் தேடியது வீட்டையா, சாக்கையா?

ஜூலை 9, புதன்

'இரண்டாவது மாடி. லிஃப்ட் உண்டு. அமைதியான சூழல்.' படங்கள் பரவாயில்லை, கட்டைவிரல் இல்லை, தூங்குகிற ஆள் இல்லை. சாவிக்கொத்திடம் வீடியோ கேட்டேன். அனுப்பினார். கட்டிட வாசல், சரிவுப் பாதை, லிஃப்ட், லிஃப்டின் உள்ளே கண்ணாடி, அப்புறம் வீட்டுக் கூடம். கதவு அகலம் கேட்டேன், டேப் வைத்துப் படம் அனுப்பினார். லிஃப்டுக்குள் நாற்காலி போகுமா என்று கேட்டேன், போகும் என்றார். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. குறை கண்டுபிடிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை அவரையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். இனி நான் மட்டும் போய்ப் பார்த்தால் மறுபடி ஏதாவது இருட்டைக் கண்டுபிடிப்பேன்.

ஜூலை 12, சனி

எல்லாவற்றையும் எழுத வேண்டும். கை வலித்தாலும் பரவாயில்லை.

வாடகைக் காரில் அவர், நான், நாத்தனார். தம்பியைத் தனியாக அனுப்ப நாத்தனாருக்கு மனம் வரவில்லை. கட்டிட வாசலில் சாவிக்கொத்து நின்றிருந்தார். சரிவுப் பாதை படத்தில் இருந்தது போலவே இருந்தது. லிஃப்டும் இருந்தது. நாற்காலி உள்ளே போய், அதற்குப் பக்கத்தில் நானும் நெருக்கிக்கொண்டு நின்றேன். மற்ற இருவரும் படியில் வந்தார்கள்.

கதவு திறந்தது. எதிரே சுவர். இடது பக்கம் மேலே போகும் படி, வலது பக்கம் கீழே போகும் படி. லிஃப்ட் நின்றது மாடியில் இல்லை, படி திரும்புகிற இடத்தில். கட்டிடம் கட்டிப் பல காலம் கழித்து லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், வேறு இடம் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பாதி மாடி ஏற வேண்டும், அல்லது பாதி மாடி இறங்க வேண்டும்.

சாவிக்கொத்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, லிஃப்ட் இருக்குன்னுதான மேடம் போட்டோம், இருக்குல்ல என்றார். இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. வீடியோவில் லிஃப்ட் கண்ணாடிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு வெட்டு இருந்தது. இரண்டு கோணம் இல்லாமல் ஒரு முழங்காலை நம்பாத நான், அந்த நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. லிஃப்ட் எங்கே நிற்கும் என்று யார் கேட்பார்கள்? மாடியில் நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போகலாம் என்றேன். குரலில் ஒன்றும் இல்லை. நாத்தனாரும், போலாம்டா, நம்ம வீட்டுக்குப் போலாம் என்றார்கள்.

அவர் மேலே எட்டிப் பார்த்தார்.

"வந்தது வந்தாச்சு. வீட்டப் பாத்துட்டே போவோம்" என்றார்.

நாற்காலிக்குப் பிரேக்கைப் போட்டார். கைகளை ஊன்றி முதல் படியில் உட்கார்ந்தார், படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு கைகளையும் பின்னால் அடுத்த படியில் ஊன்றி, வலது காலால் உந்தி, ஒரு படி மேலே போனார். அப்புறம் இன்னொன்று. மடித்துக் குத்தியிருந்த பேண்ட் கால் அவிழ்ந்து படியில் இழுபட்டது. சட்டை மேலேறி இடுப்பு தெரிந்தது. நாத்தனார், ஐயோ வேணாம்டா என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். சாவிக்கொத்து கையைப் பிசைந்துகொண்டு, தூக்கட்டுமா சார் என்றார். என் கணவர் நடுவில் ஒரு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"ஏத்தத்துல முதல் கியர்லதான் போகணும். அவசரப்படக் கூடாது" என்றார் சாவிக்கொத்திடம்.

முகத்தில் வியர்வை ஓடியது. ஆனால் கைகள் எங்கே ஊன்ற வேண்டும் என்று தெரிந்து ஊன்றின. பிறகுதான் தெரிந்தது, நாத்தனார் கடைக்குப் போகும்போதெல்லாம் பின்வாசல் படியில் பழகியிருக்கிறார். சரிவாக்க இடிக்கப் போகிற அதே படிகளில்.

வீட்டுக்குள்ளும் தரையில் தேய்த்துக்கொண்டேதான் போனார். சமையலறை, அறை, குளியலறை, ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் கீழே இருந்து அண்ணாந்து பார்த்தார். கடைசியில் கூடத்து ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அமைதியான சூழல் என்று போட்டிருந்தார்களே, ஜன்னலுக்கு வெளியே பெரிய சாலை. பஸ்கள் மேட்டில் ஏறுகிற சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்குதா? ரெண்டாவதுலயே இழுக்கிறான் பாரு. மூணுக்கு மாத்துடா" என்றார், கண்ணுக்குத் தெரியாத டிரைவரிடம்.

இது சரிப்படாது என்றேன். நாத்தனாரும் அதையே சொன்னார்கள். நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது இதுதான் முதல் தடவை. அவர் கண்ணைத் திறந்தார். கோபமெல்லாம் இல்லை, நிதானமாகத்தான் சொன்னார்.

"நீ படம் பாத்துட்டே இருக்க. அக்கா கைப்பிடி வச்சுட்டே இருக்கா. எனக்கு எங்க இருக்கணும்னு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

சாவிக்கொத்து மெல்லப் பால்கனிக்குப் போய்விட்டார். நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்டேன், எங்கே இருக்கணும் என்று.

"உன்கூட. முடிஞ்சா இந்த சத்தத்துக்குப் பக்கத்துல" என்றார்.

இறங்கும்போது லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன், எனக்கு அந்தக் காலைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று. கண்ணாடியில் அவர் முகம் மாறவில்லை.

"எனக்கும் பயம்தான். நான் இன்னும் அதைச் சரியாப் பாக்கவே இல்ல" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

அந்த வீட்டையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டோம். நாத்தனார் போன் செய்தார்கள். அழுதிருப்பார்கள் என்று குரலில் தெரிந்தது. பத்துப் படியையும் நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லையாம். கைப்பிடியைக் கழற்றிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார்கள். அது சுவரோடு இருக்கட்டும் அக்கா, உங்களுக்கும் வயசாகுது, அவரும் அங்கே வந்து போய் இருப்பார் என்றேன். சரி என்றார்கள்.

ஜூலை 18, வெள்ளி

நாங்கள் காலி செய்கிற மூன்றாவது மாடி வீட்டுக்கு விளம்பரம் போட வேண்டும், நாலு படம் எடுத்து அனுப்புங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார். நன்றாக எடுத்தேன். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கோணம். முதல் படமாகக் கீழேயிருந்து படிக்கட்டைப் போட்டேன்.

அதை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைப் போட்டிருக்கிறார். தலைப்பு: 'மேல்மாடி, குளுகுளு காற்று.' ஆப்பில் பார்த்தால் நானே போன் செய்திருப்பேன்.

ஜூலை 27, ஞாயிறு

குடி வந்தாயிற்று. லிஃப்ட் நிற்கிற இடத்தில் ஒரு நாற்காலி, வீட்டுக்குள் ஒரு நாற்காலி. நடுவில் பத்துப் படி அவர் பொறுப்பு.

கட்டு நான்தான் பிரித்தேன். இரண்டு பேரும் பார்த்தோம். தையல் தழும்பு நேராக இருந்தது, தோல் சுத்தமாக இருந்தது. நல்லா தைச்சிருக்காங்க என்றேன். ம் என்றார். புதுக் கட்டுப் போட்டேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. இது இப்படியே நின்றுவிடுமோ என்று மட்டும் தோன்றியது.

ஆகஸ்ட் 2, சனி

பஸ் சத்தத்தில் எனக்குத் தூக்கம் கலைகிறது. அவர் குறட்டை விடுகிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதியம் டூட்டி முடிந்து வந்தேன். லிஃப்ட் கதவு திறந்தபோது அங்கே நிற்க வேண்டிய நாற்காலி இல்லை. கூட்டுகிறவர்கள் நகர்த்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே போனேன். வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தில் இல்லை. அறையில் இல்லை. குளியலறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். போன் செய்தேன், சமையலறை மேடையில் அது அடித்தது. பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்க்கப் போனேன், பார்க்காமலே திரும்பினேன்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. லிஃப்ட் இருப்பதே நினைவில்லை. வாட்ச்மேன், சார் அப்பவே ரோட்டுப் பக்கம் போனாரே என்றார். அப்பவே என்றால் எப்போது என்று கேட்க நிற்கவில்லை. ஓடினேன். ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் இருந்தார். நிழற்குடைக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, நின்றிருந்த பஸ்ஸின் டிரைவரிடம் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஆட்டி கியரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மடியில் ஒரு ரொட்டிப் பொட்டலம்.

நான் கத்தினேன். ரோட்டில் நின்று, அத்தனை பேர் பார்க்க. போன எடுத்துட்டுப் போகணும்னு தெரியாதா, ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா, கீழ விழுந்து கெடந்தா எவன் தூக்குவான், செத்துட்டீங்கன்னு நெனச்சேன், செத்துட்டீங்கன்னே நெனச்சேன் — இன்னும் என்னென்னவோ. ஏப்ரலில் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வந்தது. கால் வலிக்குதுன்னு ஏன் ஒரு மாசம் சொல்லல, ஷூ கடிச்சதுன்னு என்கிட்டயே பொய் சொன்னீங்களே, அந்தப் படத்தை ஏன் என்னை எடுக்க வச்சீங்க. மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்து எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் வண்டியை எடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் மடியில் கையைக் கோத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் மூச்சு வாங்கியபோதுதான் வாயைத் திறந்தார்.

"இப்பதான் நம்ம வீடு மாதிரி இருக்கு" என்றார்.

அதற்கும் திட்டினேன். திட்டிக்கொண்டே நாற்காலியைத் தள்ளினேன், ஒற்றைச் செருப்போடு. லிஃப்டில் திட்டினேன். அவர் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி ஏற ஆரம்பித்தார். நான் அவருக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு, அவர் ஏற ஏற, படிக்கு ஒன்றாகத் திட்டிக்கொண்டே வந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோதும் எனக்கு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.